பகலெல்லாம் பத்தியம், இரவானால் சிப்ஸ் பாக்கெட்: ஒரு வாசகிக்கு உணவியல் ஆலோசகரின் பதில்

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 38. உயரம் 158 செ.மீ. அலுவலக வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இரண்டு மாதம் முன்பு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 158, ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 210. "எண்ணெய், கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், எடையும் குறையட்டும்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வாசகி குறைக்கவில்லை; அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் தண்ணீரில் வேகவைத்த ஓட்ஸும் ஒரு பழமும். மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு கிண்ணம் சோறு, எண்ணெய் சேர்க்காத பருப்பு, அவித்த காய்கறி. மாலையில் பாலில்லாத தேநீரும் 'கொழுப்பு இல்லாதது' என்று அச்சிட்ட நான்கு பிஸ்கட்டும். இரவு ஒன்பதுக்கு ஒரு கிண்ணம் காய்கறி சூப், ஒரு ஆப்பிள். ஏழு வாரத்தில் 78 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்துவிட்டார்.

இனி அவர் வார்த்தையிலேயே: "வாரத்தில் இரண்டு நாளாவது, எல்லோரும் தூங்கிய பிறகு, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த 150 கிராம் சிப்ஸ் பாக்கெட் முழுவதையும் நின்றபடியே தின்றுவிடுகிறேன். கூடவே இரண்டு துண்டு சீஸ். மறுநாள் குற்ற உணர்ச்சியில் காலை, மதியம் இரண்டு வேளையும் பட்டினி. எனக்கு மன உறுதி இல்லையா? உடம்பில் கொழுப்புச் சத்து குறைந்துபோய் அதுதான் கேட்கிறதா? இது போதைப் பழக்கம் மாதிரி ஏதாவதா? கொழுப்பைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்லும் கீட்டோ முறைக்கு மாறிவிடலாமா? கொழுப்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறதாமே, அதை எடுக்கலாமா?" முடி கொட்டுவதையும், மாதவிலக்கு மூன்று வாரம் தள்ளிப்போயிருப்பதையும் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கூடவே மகளைப் பற்றியும் ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பத்தியத்தின் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு மருத்துவரைப் பார்த்துத் தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு) ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எடை சட்டென்று இறங்கினால் அதைத் தொடர்ந்து முடி கொத்தாக உதிர்வது வழக்கமாகக் காண்பதுதான். சாப்பாடு போதாதபோது மாதவிலக்கு தடம் மாறுவதும் உண்டு. ஆனாலும் மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இனி உங்கள் ஏக்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைத் தோராயமாகக் கணக்கிட்டேன். ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி, புரதம் 25 கிராம், கொழுப்பு 7, 8 கிராம். உங்கள் வயது, உயரம், எடைக்கு நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு 1,300 கலோரிக்குச் சற்று மேல் தேவை. எழுந்து நடந்து வேலைக்குப் போய் வந்தால் 1,800க்கும் மேல். ஆக, தேவையில் பாதியைத்தான் கொடுக்கிறீர்கள். புரதம் உங்கள் எடைக்குக் குறைந்தபட்சம் 56 கிராம் வேண்டும். எடை குறைக்கும்போது தசை கரையாமலிருக்க 70 கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. கொழுப்பிலிருந்து வரும் கலோரி பெரியவர்களுக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, 30 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உங்களுடையது 8 சதவீதம்.

இந்த நிலைமையில் இரவு பத்து மணிக்குச் சமையலறை உங்களை இழுக்காமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏழு வாரம் அரைப்பட்டினியில் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டவர் நீங்கள்.

உடம்பு கொழுப்பைக் 'கேட்கிறதா'?

இப்படி நம்புகிறவர்கள் நிறையப் பேர். எந்தச் சத்து குறைகிறதோ அந்த உணவின்மேல் ஆசை வரும் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சில அபூர்வமான நிலைகளைத் தவிர அது உண்மையில்லை. அட்ரீனல் சுரப்பி பழுதானவர்களுக்கு உப்பின்மேல் வரும் தணியாத ஆசையும், இரும்புச்சத்து குறைந்த சிலர் ஐஸ் கட்டியை மென்றுகொண்டே இருப்பதும் அந்த அபூர்வங்களில் சேரும். ஐஸில் இரும்பு கிடையாது என்பதையும் பாருங்கள். ஆசை அங்கேயும் சரியான முகவரியைக் காட்டவில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உடம்புக்கு வேண்டியது வெறும் கொழுப்புதான் என்றால், ஒரு கரண்டி சமையல் எண்ணெயை அப்படியே குடிக்கத் தோன்ற வேண்டும். தோன்றுகிறதா? உங்கள் நாக்கு தேடுவது கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு, மொறுமொறுப்பு நான்கும் சேர்ந்த ஒரு பொருளை. இயற்கையில் இந்தச் சேர்க்கை ஏறக்குறைய இல்லை. கொட்டைகள், விதைகளில் கொழுப்பு உண்டு, மாவு குறைவு. கிழங்கில் மாவு உண்டு, கொழுப்பு கிடையாது. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது மூளையின் வெகுமதி உணர்வு, தனித்தனியாகத் தின்பதைவிடப் பலமாகத் தூண்டப்படுகிறது. வறுத்த கிழங்குச் சீவல் அப்படிப்பட்ட பண்டம்.

அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களைப் பற்றிய கவலை நியாயமானது. லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் இரண்டையும் உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். ஆனால் பெரியவர்களின் உடற்கொழுப்பில் லினோலெயிக் அமிலம் நிறையவே சேமிப்பில் இருக்கும். எடை குறையும்போது அது ரத்தத்துக்கு வரும். ஏழு வாரத்தில் அது தீர்ந்துபோய் சிப்ஸ் ஆசையாக வெளிப்படும் என்பதற்கு வாய்ப்பில்லை. வேறு நஷ்டம் உண்டு. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும், கேரட், கீரையிலுள்ள கரோட்டினாய்டுகளும் கூடவே கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் குடலில் சரியாக உறிஞ்சப்படும். எண்ணெயே இல்லாமல் அவித்த காய்கறியில் நீங்கள் நினைக்கும் பலனில் ஒரு பகுதி வீணாகிறது.

அப்படியானால் இழுப்பது எது?

உங்கள் விஷயத்தில் மூன்று கயிறுகள் ஒன்றாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் அவிழ்க்க முடியும்.

முதல் கயிறு, பசி. மதியம் பன்னிரண்டரைக்கும் இரவு ஒன்பதுக்கும் நடுவே எட்டரை மணி நேரம். அந்த நேரத்துக்குத் துணை நான்கு பிஸ்கட். ஒன்பது மணிக்கும் பெரும்பாலும் தண்ணீர்தான் உள்ளே போகிறது. கொழுப்பு சிறுகுடலுக்குப் போனதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும், போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். புரதமும் அப்படித்தான். இரண்டும் இல்லாத சூப் சீக்கிரமே இரைப்பையைக் கடந்துவிடும். பத்து மணிக்கு நீங்கள் மறுபடி பசியோடு நிற்கிறீர்கள், ஆனால் 'இப்போதுதானே சாப்பிட்டேன்' என்ற நினைப்பால் அதைப் பசி என்று ஒப்புக்கொள்வதில்லை. இதற்கு மேல், கலோரியைக் கடுமையாகக் குறைத்த சில நாளிலேயே லெப்டின் என்ற ஹார்மோன், உடல் கொழுப்பு குறைந்த அளவைவிட அதிகமாகச் சரியும். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுக்கு நாள் முழுவதும் சாப்பாட்டு நினைப்புதான்; சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், குறிப்புகளைச் சேகரித்தார்கள். அவர்களைவிடக் குறைவாகத்தான் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கயிறு, தடை. 'இதை இனிமேல் தொடவே மாட்டேன்' என்று வைத்த பொருள், தட்டில் இல்லாவிட்டாலும் மனசில் உட்கார்ந்துகொள்ளும். அதைவிடக் கெடுதல், தடை ஒருமுறை உடைந்ததும் வரும் 'போனது போகட்டும், நாளையிலிருந்து பார்த்துக்கொள்வோம்' என்ற எண்ணம். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முன்கூட்டி மில்க்‌ஷேக் குடிக்க வைத்துப் பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தபோது, உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நான்கு சீவலோடு நிற்காமல் பாக்கெட்டே காலியாவதற்கு இதுதான் காரணம். நான்கு சீவலால் எதுவும் கெட்டுவிடவில்லை. 'பத்தியம் முறிந்துவிட்டது' என்ற தீர்ப்புதான் மிச்சத்தைத் தின்னவைத்தது.

மூன்றாவது கயிறு, நேரமும் இடமும். ஒரே நேரம், ஒரே சமையலறை, ஒரே அலமாரி, தனிமை, வேலை முடிந்த அலுப்பு. இவை கூடிவரும்போதெல்லாம் சிப்ஸ் கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் வயிறு நிறைந்திருக்கும் ஒரு நாளிலும் விளக்கை அணைக்கப் போகும்போது வாய் நமநமவென்று இருக்கும். போதாக்குறைக்கு ஐந்தரை மணி நேரம்தான் தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், கொழுப்பும் இனிப்பும் உள்ள பண்டங்கள்மீது நாட்டமும் கூடும்.

போதையா என்ற கேள்விக்கு: ஏக்கத்தின் இயக்கத்தில் சில ஒற்றுமைகள் உண்டு. ஆனால் அந்தப் பட்டத்தை உங்களுக்கு நீங்களே சூட்டிக்கொள்வதால் கிடைப்பது இன்னொரு முழுத் தடை மட்டும்தான். முதல் கயிற்றை அவிழ்க்காதவரை மற்ற இரண்டையும் சரியாக எடைபோடக்கூட முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் இதே வேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லீரலுக்கு வேண்டியது வேறு

கல்லீரலில் கொழுப்பு என்றதும் சாப்பிட்ட எண்ணெய் நேராக அங்கே போய் ஒட்டிக்கொண்டதாகத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. தேவைக்கு மிஞ்சிய மொத்த கலோரி, சர்க்கரை, தீட்டிய மாவு, மது, அசைவில்லாத வாழ்க்கை, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை இவைதான் முக்கியக் காரணங்கள். ட்ரைகிளிசரைடும் சர்க்கரை, தீட்டிய மாவு, மது இவற்றால் ஏறும். கொழுப்பை வெட்டிவிட்டு அந்த இடத்தைச் சோறாலும் பிஸ்கட்டாலும் நிரப்பினால் ட்ரைகிளிசரைடு ஏறவும் கூடும். 'கொழுப்பு இல்லாதது' என்ற பிஸ்கட்டில் மீதமிருப்பது மாவும் சர்க்கரையும்தான். கொழுப்பை 10, 15 கிராமுக்குள் அடக்கச் சொல்லும் கடுமையான பத்தியம், ட்ரைகிளிசரைடு 1,000ஐத் தாண்டிக் கணைய அழற்சி வரும் அபாயத்தில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு, மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் கொடுக்கப்படுவது. உங்கள் 210 அந்தக் கூட்டத்தில் சேராது.

எல்டிஎல்லைப் பொறுத்தவரை கொழுப்பின் வகைதான் முக்கியம். வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் இவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தில் நிறைவுறாத எண்ணெய்களையும் கொட்டைகளையும் வைத்தால் எல்டிஎல் இறங்கும். அந்த இடத்தில் தீட்டிய மாவை வைத்தால் பெரிதாகப் பயன் இல்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். நீங்கள் ஏற்கெனவே 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஆகவே இனி ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இந்த எடையைக் காப்பாற்றிக்கொண்டு மெல்ல இறங்கினால் போதும்.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகலாம்; சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டாலும் பித்தப்பைக்குச் சுருங்க வேலை இல்லாமல் பித்தநீர் தேங்கிக் கல் உருவாகலாம். ஒரு வேளையிலாவது 7 முதல் 10 கிராம் கொழுப்பு சேர்ந்து வந்தால்தான் பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கும். உங்களுக்கு நாள் முழுவதுக்கும் சேர்த்தே அவ்வளவுதான் கிடைக்கிறது. வலது விலாவுக்குக் கீழே வலி வந்து அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு கணக்கு

150 கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு, 800 கலோரி. இரண்டு துண்டு சீஸில் இன்னொரு 10 கிராம். வாரம் இரண்டு முறை என்றால் 120 கிராம். இதோடு தினசரி 8 கிராம் வீதம் ஏழு நாளுக்கான 56 கிராமையும் கூட்டி ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 25 கிராம் வருகிறது. கொழுப்பே இல்லாத வாரம் என்று நீங்கள் நினைப்பதில் உண்மையில் நாளுக்கு 25 கிராம் கொழுப்பு இருக்கிறது, அதுவும் ஆகாத வகையில், ஆகாத நேரத்தில். நான் சொல்லப்போகும் அளவு 45 கிராம். இப்போது அது உங்களுக்கு அவ்வளவு பயமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

45 எப்படி வந்தது? நாளைக்கு 1,400 முதல் 1,500 கலோரி. அதில் 27, 28 சதவீதம் கொழுப்பிலிருந்து. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. இதில் நிறைவுற்ற கொழுப்பு 12 கிராமுக்குள் இருக்கட்டும்.

காலையில்: 40 கிராம் ஓட்ஸ், கொழுப்பு குறைத்த பால் 200 மி.லி., ஒரு முட்டை, பத்து பாதாம். கொழுப்பு 17 கிராம், புரதம் 20 கிராம். மதியம்: சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையோ மீனையோ கோழியையோ இரண்டு மடங்காக்கி, காய்கறியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய். ஒரு தேக்கரண்டி என்பது 5 மி.லி., நாலரை கிராம் கொழுப்பு. மாலை ஐந்து மணிக்கு: கெட்டித் தயிர் 150 கிராம், ஒரு பழம், வறுத்த வேர்க்கடலை 15 கிராம். பிஸ்கட் வேண்டாம். இந்த ஒரு வேளையைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் தடுமாறும். இதற்கு மட்டும் அலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முடிந்தால் எட்டுக்கே: புரதம் ஒரு கை அளவு, காய்கறி இரண்டு கை, எண்ணெய் ஒன்றரை தேக்கரண்டி. சூப் வேண்டுமானால் இதோடு கூடுதலாக இருக்கட்டும், இதற்குப் பதிலாக வேண்டாம்.

இதில் தவறு நடப்பது அளவில்தான். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் இரண்டு தேக்கரண்டி எப்போது இரண்டு மேசைக்கரண்டி ஆனது என்று தெரியாது. மேசைக்கரண்டிக்கு மூன்று மடங்கு கொள்ளளவு. கொட்டைகளைப் பாக்கெட்டிலிருந்து கொறிக்காமல் எண்ணி எடுத்து, மூடி உள்ளே வைத்துவிடுங்கள். முதல் வாரத்தில் எடை அரை கிலோ, ஒரு கிலோ ஏறினால் பதறாதீர்கள். கரைந்துபோயிருந்த கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) அதோடு வரும் தண்ணீரும்தான் அது; உடற்கொழுப்பு அல்ல.

நாக்குக்கும் ஏதாவது கொடுங்கள்

கொழுப்பின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொடு உணர்வும் மணமும். வழவழப்பு நாக்கின் மேற்பரப்பில் உணரப்படுவது. பல மணப்பொருள்கள் எண்ணெயில்தான் கரையும். அதனால் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெயை எங்கே வைக்கிறீர்கள் என்பது பெரிய வித்தியாசம் செய்யும். சமையலின் தொடக்கத்தில் ஊற்றிய எண்ணெய் உணவுக்குள் மறைந்துவிடும். அதில் பாதியைக் கடைசியில் மேலே தூவிக் கலந்தால் நாக்குக்குத் தெரியும்.

மொறுமொறுப்புக்கு: 200 கிராம் காய்கறியைச் சமமாக வெட்டி, துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டி விடுங்கள். ஈரம் இருந்தாலோ தட்டில் நெருக்கி அடுக்கினாலோ வறுபடாமல் ஆவியில் வெந்து துவண்டுவிடும். 'எண்ணெய் போதவில்லை' என்று நினைத்து இன்னும் ஊற்றத் தோன்றும். இடைவெளிதான் போதவில்லை. வேகவைத்த கொண்டைக்கடலையையும் இப்படியே ஈரம் போக்கி வறுக்கலாம். சிப்ஸுக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது. வழவழப்புக்கு வடிகட்டிய தயிர், அரைத்த பருப்பு.

கொழுப்பைப் போலவே நடிக்கும் 'டயட்' பண்டங்களை அதிகம் நம்ப வேண்டாம். கொழுப்புச் சுவைக்கு வாய் பழகிப்போயிருப்பதை மாற்ற 8 முதல் 12 வாரம் ஆகும், அதுவும் அந்தச் சுவையோடு சந்திப்பு உண்மையாகவே குறைந்தால். இப்போது நீங்கள் இரண்டு மூன்று நாள் அவித்த காய்கறியும் அடுத்த நாள் முழு பாக்கெட்டும் என்று போவதில், நாக்கு ஒவ்வொரு முறையும் பழைய பாடத்தைத்தான் திரும்பப் படிக்கிறது. பட்டினியின் உச்சத்தில் சாப்பிட்டது மூளையில் ஆழமாகப் பதியும் என்பதால் பாடம் இன்னும் உறுதியாகிறது. கட்டுப்பாடே ஏக்கத்தை வளர்க்கும் என்று சிலர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிறு நிறைந்த, அளவான குறைப்பு மாதக்கணக்கில் தொடரும்போது ஏக்கம் பொதுவாகத் தணியவே செய்கிறது.

அந்தப் பத்து மணிக்கு

ஏக்கம் எழும்போது முதலில் ஒரு கேள்வி: இப்போது இரண்டு அவித்த முட்டையும் ஒரு பழமும் கொடுத்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் அது பசி. உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிடுங்கள், பத்து மணியானாலும் பரவாயில்லை. 'வேண்டாம், சிப்ஸ்தான்' என்றால் அது ஏக்கம். ஏக்கம் அலை மாதிரி ஏறி இறங்கும். பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்தில் தணியும். அந்த நேரத்தில் 'நினைக்கக் கூடாது' என்று போராடாதீர்கள், நினைப்பு வலுக்கும். ஏக்கம் முக்கியமாக மனக்கண்ணில் ஓடும் படம். அதே மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் படம் மங்கும். கட்டங்களை அடுக்கும் விளையாட்டு, படம் வரைவது, அலமாரி ஒழுங்குபடுத்துவது எதுவும் ஆகும். கால் மணி நேரம் விறுவிறுப்பாக நடப்பதும் நல்ல பலன் தரும். தொலைக்காட்சி உதவாது, கை சும்மா இருக்கும்.

சிப்ஸை வாழ்நாள் முழுவதும் தடை செய்யச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை, நீங்களே முன்கூட்டி முடிவு செய்த நாளில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, 30 கிராம் நிறுத்துத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, மற்றவர்களோடு சாப்பிடுங்கள். 10 கிராம் கொழுப்பு, 160 கலோரி. அன்றைய கணக்கில் அடங்கும். வயிறு நிறைந்த பிறகு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் பெரிய பாக்கெட் வாங்காமல் சின்னதாக வாங்கினால் இரவில் 150 கிராம் கையருகே இருக்காது. என்றாவது தவறிப்போனால், மறுநாள் காலைச் சாப்பாடு வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில். ஏழு வாரமாக உங்களைச் சுற்றவைத்தது அந்த மறுநாள் பட்டினிதான்.

கீட்டோவும் மாத்திரையும்

கீட்டோ உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. சிலருக்கு அதில் எல்டிஎல் வெகுவாக ஏறுகிறது. 158இல் தொடங்கும் ஒருவர் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாத அபாயம் அது. அதோடு, கொழுப்புத் தடை போய் மாவுத் தடை வரும்; இரண்டாவது கயிறு அப்படியே இருக்கும்.

நீங்கள் கேள்விப்பட்டது ஆர்லிஸ்டாட். 120 மி.கி. அளவில் சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைச் செரிக்கவிடாமல் வெளியேற்றும். ஏக்கத்தை அது தொடுவதே இல்லை. உங்கள் தினசரி 8 கிராமில் தடுக்க அதற்கு எதுவும் இல்லை. சிப்ஸ் இரவிலோ எண்ணெய் கசியும் வயிற்றுப்போக்கு வரும். கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் குறைக்கும். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் தொடாதீர்கள்.

இதைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கட்டுப்பாடு கைவிட்டுப்போன உணர்வோடு, ரகசியமாக, வயிறு வலிக்கும் வரை தின்பது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்குப் பெருந்தீனிக் கோளாறு என்று பெயர், நல்ல சிகிச்சையும் உண்டு. கடிதத்தை வைத்து உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்னபடி ஆறு வாரம் சாப்பிட்டும் இரவுகள் மாறவில்லை என்றால், அல்லது தின்றதை வாந்தியெடுக்கும் எண்ணம் ஒருமுறை வந்தாலும், உண்ணல் கோளாறுகளைப் பார்க்கும் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள். உங்கள் மருத்துவரிடம் சிப்ஸ் இரவுகளை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையை அவரால் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் பரிசோதனையை இந்தப் புதிய சாப்பாட்டைத் தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து எடுங்கள். எடை மளமளவென்று இறங்கும்போது எடுத்த கொலஸ்ட்ரால் அளவு, நிலையான படத்தைக் காட்டாது.

கடைசியாக, உங்கள் 12 வயது மகள் 'நானும் வெண்ணெயை நிறுத்திவிடட்டுமா அம்மா?' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். வளரும் வயதில், பருவமடையும் காலத்தில் கொழுப்பை நிறுத்துவது வளர்ச்சியையும் மாதவிலக்கையும் பாதிக்கும். அவளுக்குக் கொழுப்பு இல்லாத பிஸ்கட்டும் வேண்டாம், எடை இயந்திரமும் வேண்டாம். ஐந்து மணித் தயிரையும் வேர்க்கடலையையும் அவள் முன்னால் உட்கார்ந்து, அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்து, சாப்பிடுங்கள்.